இடையாளும் இறைவரியும்: உழைப்போன் யாருடைய ஆள்?

பிறருக்காக உழைக்கும் ஒருவன் அவருடைய ஊழியனா, அன்றித் தன் தொழிலைத் தானே நடாத்தும் சுயாதீனனா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு வழக்கறிஞரின் சொற்போராகவே தோன்றும். ஆயின், அவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே அவன் செலுத்தும் வரியும், முதுமையில் அவன் கைக்கு வரும் பணமும், வேலை பறிபோனால் முறையிடும் உரிமையும் அமைகின்றன. வேலை கொடுப்பவருக்கும் செய்பவனுக்கும் நடுவே ஓர் இடையாள் நிற்கும்போது விடை காண்பது மேலும் அரிதாகின்றது.

கல்முனைக் கரையோரத்துக்கு இடையாள் புதியவனல்லன். 1961இல் அம்பாறை மாவட்டம் உருவாகுமுன், இப்பிரதேசம் மட்டக்களப்பின் பகுதியாயிருந்த காலத்திலேயே, போடியாருக்கும் வயற்காரனுக்கும் இடையே முல்லைக்காரன் நின்றான். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குக் காணியில் உறுதியளித்தது. கூலியாளுக்கு அவ்வுறுதி இல்லை. ஒரே சேற்றில் ஒரே வேலையைச் செய்தவன் எப்பெயரால் அழைக்கப்பட்டான் என்பதே அவன் கதியை நிர்ணயிக்கலாயிற்று.

மருதமுனைக் கைத்தறியை நோக்கினும் இதே நிலைதான். முதலாளியிடம் நூல் பெற்று, வீட்டுத் தறியில் நெய்து, சாரத்துக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் ஒருவரை எண்ணுக. தறி அவருடையது, நேரமும் அவருடையது. நூலும் நிறமும் விலையும் பிறருடையவை. அந்த முதலாளியும் கொழும்பு வர்த்தகர் ஒருவரின் கட்டளைக்கே நெய்விக்கின்றார் எனின், நெசவாளர் யாருடைய ஆள்?

நீதிமன்றங்கள் இதனைப் பன்முறை எதிர்கொண்டுள்ளன. 1967இல் பிரித்தானியாவில் ‘ரெடி மிக்ஸ்ட் கொங்கிறீற்’ வழக்கில், லொறிச் சாரதி ஒருவர் கம்பனியின் நிறம் பூசிய லொறியை, கம்பனியின் சீருடையணிந்து, கம்பனியின் கட்டளைப்படி ஓட்டினார். எனினும், லொறி தவணைமுறையில் அவருக்கு உரியது. வேண்டின் வேறொருவரைக் கொண்டும் ஓட்டுவிக்கலாம். ஆகவே அவர் ஊழியரல்லர் எனத் தீர்ப்பாயிற்று. இலங்கையின் 1950ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமோ சற்று விரிந்த மனம் படைத்தது: ஒரு வேலையைத் தானே நேரிற் செய்து தருவதாக உடன்பட்டவனையும் அது ‘தொழிலாளி’ என்னும் சொல்லுள் அடக்குகின்றது.

வரி அறவிடும் அரசின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2017ஆம் ஆண்டின் உண்ணாட்டரசிறைச் சட்டத்தின்கீழ்ச் சம்பளம் பெறுவோர் தம் பேருந்துச் செலவையோ புத்தகச் செலவையோ வருமானத்திற் கழிக்க இயலாது. தொழில் நடத்துவோர் வருமானம் ஈட்டுதற்கான செலவைக் கழிக்கலாம். ஒரே அலுவலகத்தில் ஒரே பணியைச் செய்யும் இருவரில் ஒருவர் மட்டும் ‘ஒப்பந்தகாரர்’ என்னும் பெயரால் குறைந்த வரி செலுத்துவாராயின், மற்றவர் முணுமுணுப்பதில் வியப்பில்லை. 2023 தொடக்கத்தில், ஊழியரல்லாத தனிநபருக்கு மாதம் 100,000 ரூபாவுக்கு மேற்பட்ட சேவைக் கட்டணம் வழங்குவோர் 5 சதவீதத்தை நிறுத்திவைத்து அரசுக்குச் செலுத்தவேண்டும் என விதிக்கப்பட்டது. பிரித்தானியா 2000ஆம் ஆண்டிலேயே இன்னும் ஒரு படி சென்றது. தானே அமைத்த கம்பனி ஒன்றை இடையே நிறுத்தி உழைப்பவர், அத்திரையை நீக்கிப் பார்த்தால் ஊழியராகவே தோன்றுவாராயின், ஊழியரைப் போலவே வரி செலுத்தவேண்டும் என்பது ‘ஐ.ஆர். 35’ எனப்படும் அவ்விதியின் சாரம். 2021இலிருந்து, சிறு நிறுவனங்கள் நீங்கலாக, அதனைத் தீர்மானிக்கும் பொறுப்பும் வேலை கொள்ளும் நிறுவனத்தின் தலையில் ஏறியது.

ஈண்டே அறவினா எழுகின்றது. வரிக்காகத் திரையை விலக்கும் அரசு, உரிமைக்காகவும் அதே திரையை விலக்குகின்றதா? இல்லை. ஐ.ஆர். 35இன்கீழ் ஊழியராக வரி செலுத்தியவர், அக்காரணத்தால் மட்டும் விடுமுறைச் சம்பளம் கேட்க இயலாது. கொடுக்கும்போது ஊழியன், கேட்கும்போது அந்நியன் என்பது நடுநிலையாகாது. ஒருவனை எவ்வகையினன் என ஒருமுறை தீர்மானித்த அரசு, அத்தீர்மானத்தின் பாரத்தையும் பயனையும் சேர்த்தே அவனிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டது.

வரிச்சலுகை பாதுகாப்பின்மைக்கு ஈடு என்று சிலர் வாதிப்பர். ஊழியருக்காகத் தொழில்தருநர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் செலுத்துகின்றார். ஒப்பந்தகாரருக்கு அது இல்லை. ஆதலின் அவர் குறைவாக வரி செலுத்துவது தகும் என்பர். தானே விரும்பி இவ்வழியைத் தேர்ந்த பொறியியலாளருக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும். மருதமுனை நெசவாளருக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு 1,200,000 ரூபா என்றிருந்த 2023இன் வரிவிலக்கெல்லையைத் தறிக்கூலி எங்கே எட்டுவது? இல்லாத வரியில் சலுகை எதற்கு? அவருக்கு எஞ்சுவது பாதுகாப்பின்மை மட்டுமே. வரியும் முற்றாக இல்லையெனல் ஆகாது; 2024 முதல் 18 வீதமான பெறுமதி சேர் வரி, அவர் வாங்கும் சவர்க்காரத்திலும் ஒளிந்திருக்கின்றது. அவ்வரி அவரை ஊழியரா ஒப்பந்தகாரரா என்று கேட்பதில்லை.

எசமானைத் தேடிக் களைப்பதை விடுத்து, வேலையின் மீதே கடமையைச் சுமத்தலாம் என்பதற்கு இந்தியா 1996இல் ஒரு வழி காட்டிற்று. எத்தனை மேஸ்திரிகள் இடையே நிற்பினும், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை அறவிட்டுக் கட்டடத் தொழிலாளர் நலவாரியத்துக்கு அளிப்பது அம்முறை. சாரத்துக்கும் அவ்வாறு ஒரு சிறு அறவீடு விதிக்கலாமா? கட்டடத்தை வேறிடத்திலிருந்து இறக்குமதி செய்ய முடியாது. விசைத்தறிச் சாரமோ கப்பலில் வந்து அதே கடையில், அதைவிட மலிவான விலையில் தொங்குகின்றது. அதன்மீதும் அவ்வறவீட்டை விதிக்கத் துணியாத அரசு கைத்தறியின்மீது மட்டும் விதிக்குமாயின், நெசவாளருக்கு ஓய்வூதியத்துக்கு முன்பே தறி ஓய்ந்துவிடும்.