பெருவிரலும் சுட்டுவிரலும்

கேட்டது பெரியவரிடம். பதில் சொன்னது மருமகள். "புகையிலை நட்ட காலத்தை நினைப்பதுண்டா?" என்றேன். "ஐயோ, இல்லை. அது ஒழிந்ததே நல்லது" என்று சிரித்தபடி அவர் எங்கள் கிண்ணங்களில் புரோசெக்கோ ஊற்றினார். பெரியவர் வாய் திறக்கவில்லை. வலது கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார், இரண்டுக்கும் நடுவே மெல்லிதாக ஏதோ இருப்பதுபோல. பிறகு கையை மேசைக்குக் கீழே இறக்கிவிட்டார்.

மூட்டுவாதமாக இருக்கும் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம்.

இடம், மெல்பேர்னிலிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தில், விக்டோரியாவின் வடகிழக்கிலுள்ள கிங் பள்ளத்தாக்கு. மிலாவா, மோய்ஹு, விட்ஃபீல்ட் என்று சின்னச் சின்ன ஊர்கள். இத்தாலியக் குடும்பங்களின் வைன் கூடங்களில் ருசி பார்த்துவிட்டு அங்கேயே சாப்பிடலாம். நாங்கள் போன, பெரியவர் குடும்பத்தின் கூடத்தில் உருளைக்கிழங்கு நியோக்கி, பன்றி இறைச்சிக் குழம்பு ஊற்றிய சோளமாக் களி, வீட்டில் போட்ட சலாமி. ஒன்று முடிந்ததும் அடுத்தது வந்தது. சாப்பாட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்லமாட்டேன். நன்றாக இருந்தது என்பதை எத்தனை விதமாகத்தான் எழுதுவது?

வழியெல்லாம் கண்ணில் பட்டவை தகரம் அடித்த ஒடுங்கிய உயரக் கொட்டில்கள். புகையிலைச் சூளைகள். 1950களிலும் 60களிலும் இங்கே வந்த இத்தாலியர் பலர் முதலில் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் புகையிலை நட்டார்கள். பச்சை இலையைக் கம்புகளில் கட்டி, சூளைக்குள் தொங்கவிட்டு, ஒரு வாரமளவில் சூட்டைப் படிப்படியாக ஏற்றி உலர்த்துவார்கள். ராத்திரியிலும் யாராவது எழும்பிச் சூட்டைப் பார்க்க வேண்டும். 2006இல் சிகரெட் கம்பெனிகள் உள்நாட்டு இலையை வாங்குவதை நிறுத்த, எல்லாம் முடிந்தது. அதற்கு வெகுமுன்பே திராட்சைக்கு மாறத் தொடங்கியவர்களும் உண்டு. பிட்சீனி குடும்பம் 1978இலேயே கொடி நட்டது. இத்தாலியின் வால்டோபியாடெனேயில் பிறந்த ஒட்டோ டல் ஸோட்டோ, 1999இல் புரோசெக்கோ திராட்சையை நட்டு 2004இல் முதல் போத்தலை வெளியே விட்டார். அவரும் புகையிலையிலிருந்து வந்தவர்தான். எங்கள் பெரியவர் கடைசிவரை விடாதவர்களில் ஒருவர்.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் என் அப்புவும் அந்த இரண்டு விரலாலும்தான் இலை பார்ப்பார். நொறுங்கினால் காய்ச்சல் கூடிவிட்டது. ஒட்டினால் இன்னும் பதம் வரவில்லை. எங்கள் முறை வேறு. கிங் பள்ளத்தாக்கில் சூடு மட்டும்தான், புகை இலையைத் தொடாது. கோப்பாயில் பொச்சுமட்டையைப் புகையவிட்டு, குடிலுக்குள் இலையைப் புகையிலேயே ஊறவைப்போம். வெற்றிலையோடு சப்புகிற புகையிலை; ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை கப்பலேறியது. பச்சை இலை முறிக்கிற நாட்களில் கை முழுக்கக் கறுப்பாகப் பிசின் ஏறும். "போயிலைக் கையால சோத்தைத் தொடாதை, கழுவிப்போட்டு வா" என்பார் ஆச்சி. கழுவினாலும் போகாது. சோறு கைக்கும். கத்தரிக்காயும் கைக்கும். பள்ளிக்கூடக் கொப்பியில் என் விரல் பட்ட இடமெல்லாம் மண்ணிறமாகும். நான் அதை வெறுத்தேன். படித்து வெளியே போக வேண்டும் என்று அந்த வயதில் நினைத்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பிசின்.

அப்படியானால் மருமகள் சொன்னது எனக்கு உடனே பிடித்திருக்க வேண்டும் அல்லவா? பிடிக்கவில்லை. சரியான பதில் என்று தெரிந்தும் பிடிக்கவில்லை.

புகையிலை ஆளைக் கொல்லும். அதை விட்டு வைனுக்கு வந்தது முன்னேற்றம் என்று சொல்லிவிடலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவையும் 1988இலேயே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில், புகையிலை இருக்கும் அதே வகுப்பில் வைத்துவிட்டது. இதை எழுதுகிற நான் அன்று மூன்று வகை ருசி பார்த்தேன், சன்ஜொவேசே வைன் ஒரு போத்தலும் வாங்கினேன். ஆகவே, கெட்டதிலிருந்து நல்லதுக்கு வந்த கதையாக இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூளைக்குப் பக்கத்தில் யாரும் மேசை போட்டுப் படம் எடுக்கவில்லை. கொடிக்குப் பக்கத்தில் எடுக்கிறார்கள். பெரிய வித்தியாசம் அதுதானோ என்றுகூடத் தோன்றியது.

புகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2020இல் காட்டுத்தீயின் புகை இந்தப் பள்ளத்தாக்கில் தேங்கி, பலர் திராட்சையைப் பறிக்காமலே விட்டார்கள். அடிலெய்டிலுள்ள வைன் ஆராய்ச்சி நிலையத்தின் வேலையைப் பற்றி எங்கோ வாசித்தது அரைகுறையாக ஞாபகம். புகையிலிருக்கும் சில பொருட்கள் தோல் வழியாகப் பழத்துக்குள் போய்ச் சர்க்கரையோடு பிணைந்துவிடுமாம். பழத்தைத் தின்றால் பெரும்பாலும் தெரியாது. நொதிக்கும்போது அவிழும், மிச்சம் குடிப்பவர் வாயில், எச்சில் பட்டு அவிழும். அப்போதுதான் சாம்பல் ருசி. இதை அப்படியே பெரியவருக்குப் பொருத்திவிடக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். அவர் திராட்சை அல்ல. அவருடைய விரலுக்குள் துயரம் இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

ஒருவேளை அது துயரமே இல்லாமல் இருக்கலாம். நாற்பது வருடம் செய்த வேலை கையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பதம் பார்க்கத் தெரிந்த விரல், பார்க்க ஒன்றுமில்லாமல் போனபின்பும் பார்க்கிறது. வேலை கொடியதா நல்லதா என்பது விரலுக்குத் தெரியாது. ஒரு தொழில் ஒழியட்டும் என்று நாம் விரும்பும்போது, அதைத் திறமாகச் செய்த மனிதரின் திறத்தை எங்கே வைப்பது? மருமகளின் பதிலில் அதற்கு இடமில்லை. ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடைக்கு வந்த ஆட்களிடம் வேறு எதைச் சொல்வார்?

கோப்பாயில் என் ஒன்றுவிட்ட தம்பி இன்னமும் புகையிலை நடுகிறான். போன தடவை போனில் கதைத்தபோது கிங் பள்ளத்தாக்கின் கதையைச் சொன்னேன். அவர்கள் மாறி நன்றாக வந்துவிட்டார்கள் என்றேன். "அண்ணை, அங்கை மாறினாப்பிறகு வாங்க ஆள் இருந்தது. நான் வெங்காயத்துக்கு மாறி, விலை விழுந்தா ஆர் பொறுப்பு?" என்றான்.

1978இல் கொடி நட்டவரும் யாரிடமாவது இதைக் கேட்டிருப்பார். 2006 வரை மாறாதவரும் கேட்டிருப்பார். ஒருவருக்கு என்ன பதில் கிடைத்தது, மற்றவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று தெரிந்தால் தம்பிக்கு ஏதாவது சொல்லலாம். அதற்குள் அவன் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டான், நானும் விட்டுவிட்டேன்.