உளி பிடித்த கை

புகழ் வரைந்தவனுக்கா, செதுக்கியவனுக்கா? ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831ஆம் ஆண்டளவில் வரைந்த பேரலையை உலகமே போற்றுகிறது. அவர் கோட்டை மரப்பலகையில் செதுக்கிய கை எவருடையது? வண்ணம் தடவித் தாளில் பதித்த கை எவருடையது? படத்தில் ஓவியர் பெயர் உண்டு; அவர்கள் பெயர் இல்லை!

ஜப்பான் வரை செல்வானேன்? நம் அருமனைக்கு வடக்கே, இன்றைய கேரளத்து அம்பழக்காட்டில், 1679இல் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சேறியது. தொகுத்த புரோயென்சா பாதிரியார் 1666இலேயே மறைந்துவிட்டார். தமிழ் எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் இக்னேசியஸ் அய்ச்சாமணி என்னும் இந்நாட்டவர். மறைந்தவரின் அறிவை ஏடாக்கியது அவர் உளி!

முகத்தில் பிறந்தவனுக்கு அறிவு, பாதத்தில் பிறந்தவனுக்கு உழைப்பு என்று கதை கட்டிய நாடு இது. இடவலம் மாற்றி எழுத்தைச் செதுக்குவது அறிவின்றி ஆகுமா? கையையும் கருத்தையும் பிரித்தது இயற்கையல்ல, சாதி!

அருமனை இளைஞனே! உன் வீட்டுக் கதவை இழைக்கும் முதியவரை 'ஆசாரி' என்றுதானே அழைக்கிறாய்? அவர் பெயரை என்றேனும் கேட்டாயா? மேடையில் பகுத்தறிவு முழங்குமுன், அந்தப் பெயரைக் கேள். சாதி ஒழிப்பு உன் வீட்டு வாசலில் தொடங்கட்டும்!