நூறு தடாவும் நூறாயிரமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அடியோம் வசிக்கும் அலங்காநல்லூருக்குக் கிழக்கே அழகர்மலை. அம்மலையில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்கு ஆண்டாள் நேர்ந்த நேர்த்தியை நாச்சியார் திருமொழி ஒன்பதாம் திருமொழியில் அநுஸந்திக்கிறோம். ஆறாம் பாசுரத்தில், நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் வாயால் நேர்ந்து வைத்ததாக அருளிச்செய்கிறாள். ஏழாம் பாசுரத்தில், அவன் இன்று வந்து அவற்றை அமுதுசெய்யப் பெற்றால், ஒன்றுக்கு நூறாயிரமாகத் தந்து, அதற்கு மேலும் அடிமை செய்வேன் என்கிறாள்.

இங்கு ஒரு சங்கை எழும். நேர்ந்த கடன் தீர்ந்தால் வேண்டுவது ஓய்வன்றோ? சுமை தீர்ந்தவுடன் அதனினும் பெருஞ்சுமையை விரும்புவாருண்டோ?

அடியோம் வணிகவியல் பயின்று வங்கியில் காலம் கழித்தவர்கள். அங்கும் ஒன்று பலவாகப் பெருகுவது உண்டு. இவ்வாண்டின் இலக்கை எட்டினால், அடுத்த ஆண்டின் இலக்கு அதற்குமேல் தொடங்கும். மார்ச் 31 இரவு எட்டியது ஏப்ரல் 1 காலையில் பழங்கணக்காகிவிடும். ஆண்டாளுக்கு உகப்பைத் தந்த பெருக்கம் எங்களுக்கு அயர்வையே தந்தது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 10ஆம் நாள் முதல் கிளைகளின் வாயிலில் கூட்டம். 12, 13ஆம் நாள்களான சனியும் ஞாயிறும் வேலைநாள்களாயின. டிசம்பர் 30 வரை இந்நிலை. அடியோம் மேலாளராயிருந்த கிளையில் காசாளர் ஓர் இளைஞர். முதியோரை எழுந்து நின்று வரவேற்பவர், நாளடைவில் முகம் பார்த்துப் பேசுவதையும் விட்டார். "எவ்வளவு எண்ணினாலும் என்ன பயன் சார்?" என்றார். விடுப்புக் கேட்டார். அடியோம் மறுத்து, பதவி உயர்வைக் காட்டி ஊக்கமூட்டினோம். சில வாரங்களில் ராஜிநாமாக் கடிதம் வந்தது. அவர் திரும்பவில்லை.

அதைச் சோம்பல் என்றே அடியோம் எண்ணியிருந்தோம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் பணியயர்வுக்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: ஆற்றல் வற்றுதல், வேலையில் மனம் விலகிக் கசத்தல், தன் செயலால் பயனில்லை என்னும் எண்ணம். மூன்றும் அவரிடம் இருந்தன. வேலையிடத்தில் நெடுநாள் தீராத அழுத்தமே இதற்குக் காரணம் என்றும், இது நோயன்று என்றும் அது கூறியது. தீர்க்கவேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அடியோங்களே.

இனி சங்கைக்கு ஸமாதானம். ஆண்டாள் எண்ணிக்கைக்காகக் கொடுக்கவில்லை. அவன் அமுதுசெய்யும் திருமுகத்தைக் காண்பதற்காகக் கொடுக்கிறாள். அம்முகமே பலன். ஆகையால் கைங்கர்யத்துக்குக் கூலி மேலும் கைங்கர்யமேயாகிறது. அடியோமோ அவ்விளைஞருக்கு எண்ணை மட்டுமே காட்டினோம். வரிசையில் நின்ற கரும்பு விவசாயியின் முகத்தையும், பணம் கைக்கு வந்தபோது அதில் தோன்றிய மலர்ச்சியையும் ஒருநாளும் சுட்டிக் காட்டவில்லை.

இதைக் கொண்டு, பக்தியிருந்தால் அயர்வு வாராது என்று சொல்லி ஊழியர்மேல் சுமையேற்றலாகாது. ஆண்டாளும் அத்தடாக்களைத் தானே சுமக்கவில்லை. வாயால் நேர்ந்தாள், அவ்வளவே. பிற்காலத்தில் எம்பெருமானார் அம்மலைக்கு எழுந்தருளி நூறு தடாவும் ஸமர்ப்பித்து, பின்பு ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது, அவள் அவரைக் கோயிலண்ணன் என்று கொண்டாடினாள் என்பது பெரியோர் ஐதிஹ்யம். தனியொருத்தியால் முடியாததை மற்றொருவர் ஏற்று முடித்ததால் நேர்த்தி குறைவுபடவில்லை.

ஊக்கச்சொல் சொல்லி மேலும் ஏற்றுபவர் அதிகாரி. சொல்லாமலே வந்து சுமையில் கைகொடுப்பவர் அண்ணன். அந்நாளில் நான்கு நாள் விடுப்புத் தந்து, அக்கூண்டில் அடியோமே அமர்ந்திருக்கலாம். செய்யாது விட்டது இன்றும் நெஞ்சை விடவில்லை. பிறர் பணிசெய்யும் இடத்துக்குத் தலைவராயிருக்கும் அன்பர்கள், மார்கழிக் கூடாரை நாளில் அக்காரவடிசில் ப்ரஸாதம் பெறும்போது, தம் கீழிருப்பவரின் தடாக்களையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.