மூத்தோர் தொண்டும் தன்னார்வமும்

முதுமையுற்றாரைப் பேணுதல் நற்செயல் என்பதில் எச்சமயத்தார்க்கும் கருத்து வேறுபாடின்று. ஆயினும், அப்பேணுதல் எப்பொழுது தொண்டாகும், எப்பொழுது வெறுஞ் செயலாய் ஒழியும் என்பது ஆராய்தற்குரியதொரு வினாவாம்.

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்நாட்டில் அறுபதாண்டு நிரம்பினோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர். மக்கள் பிழைப்பு நாடி வேற்றூர்களுக்குச் செல்லப் பெற்றோர் தனித்திருத்தலும், முதியோர் இல்லங்களிற் சேர்தலும் மிகுந்தன. 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், தம்மைக் கைவிட்ட மக்களிடமிருந்து வாழ்க்கைப் பொருள் பெறும் உரிமையைப் பெற்றோர்க்கு வழங்கிற்று. பொருளைச் சட்டத்தாற் பெறலாம். அருகிருந்து கேட்கும் செவியை அதனாற் பெறலாகாது. அக்குறையை ஓரளவு நிரப்பக் கல்லூரி மாணாக்கர் சிலர் முன்வருகின்றனர். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின்கண் ஒரு மாணாக்கர் ஈராண்டில் 240 மணி நேரம் பணியாற்றல் வேண்டும். அப்பணிகளுள் மூத்தோரைச் சென்று காண்டலும் ஒன்றாகின்றது.

ஈண்டு இருவகைத் தடை நிகழும். மணிக்கணக்கிட்டுச் சான்றிதழ் கருதிச் செய்வது தொண்டாமோ என்பது ஒன்று. சிவனையும் சிவனடியாரையும் கருதாது செய்யும் நன்மை பசுபுண்ணியமேயன்றிச் சிவபுண்ணியமாகாதே என்பது மற்றொன்று.

முதற்றடைக்கு விடை வருமாறு: இப்பணியைத் தன்னார்வத் தொண்டு என்று வழங்குப. அச்சொல்லின்கண் தன், தொண்டு என்னும் இரண்டும் நெடிது உடனுறைதல் இயலாது. ‘யான் செய்கின்றேன்’ என்னும் முனைப்பு நிற்குமளவும் செய்வோனே முதல்வன். மூத்தோர் அவன் செயலுக்குப் பொருளாவர். விழாநாளில் இனிப்பு வழங்கி, அவருடன் படம் எடுத்துக்கொண்டு மீள்வோர் செயல் இத்தகையது. இனிப்பு உண்ணலாகாத நீரிழிவு நோயினர் அவருள் உளரோ என வினவினாரும் இலர். ஆயினும், கணக்கிற்காகச் சென்றவன் கணக்கு முடிந்த பின்னும் செல்வானாயின், முன்னையது பயிற்சியாய் அமைந்ததென்க. எழுத்தறியுஞ் சிறுவன் மணலிற் கீறுதல் போல்வது அது. ஆகலின் தொடக்கத்தின் குறைபற்றி அதனை இகழ்தல் கூடாது.

தொண்டின் இலக்கணம் யாதோவெனின், திருக்குறிப்புத் தொண்டர் வரலாற்றில் அது விளங்கும். காஞ்சியில் அடியார் தம் உடையை ஒலித்தளித்தலைப் பணியாகக் கொண்ட அப்பெரியார், பனிக்காலத்தில் மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாய் வந்தவரைக் கண்டார். மேனி மெலிந்தது ஏன் என முதற்கண் வினவினார். பின்னரே கந்தையை வேண்டினார். வந்தவரோ, குளிரைத் தாங்கலாற்றேன், பொழுது சாய்வதற்குள் தருதல் வேண்டும் என்றார். அந்நிபந்தனைக்குத் தொண்டர் உட்பட்டார். மழை விடாது பெய்து பொழுது சாய்ந்தபொழுது, தம் உழைப்பு வீணாயிற்றே என்று அவர் வருந்திலர். குளிரால் நடுங்கும் அடியவர்க்குத் தீங்கிழைத்தோமே என்று தம் தலையைக் கற்பாறையில் மோதப் புகுந்தார். பிறர் குறிப்பறிந்து அக்குறிப்பின்வழி நிற்றலே தொண்டு என்பது இதனாற் பெறப்படும்.

இனி இரண்டாந் தடை. உயிர் தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது என்பது சித்தாந்தத் துணிபு. கண் முதலிய கருவிகளின் துணையின்றி உயிர்க்கு உலகறிவு நிகழாது. மூப்பில் அக்கருவிகள் தளரும். உயிரோ பக்குவம் நோக்கி நிற்கும். கண் மங்கிய முதியோர்க்குத் திருமுறை ஓதிக் காட்டும் இளைஞன் அவர்க்குக் கண்ணாகின்றான். கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்பவன் காலாகின்றான். ஓருயிர் சிவத்தை நினைத்தற்குக் கருவியாய் நிற்றலினும் சிவபுண்ணியம் வேறுண்டோ? கோயிலையும் திருமுறையையும் வேண்டாத முதியோர்க்கு என் செய்வதெனின், அவர் வேண்டுவதைச் செய்தல் வேண்டும். எவ்வுயிர்க்கும் உயிராய் நிற்பவன் இறைவனாகலின், உயிர்க்கு இரங்கித் தன்முனைப்பின்றிச் செய்வது அவன்பாற் சேரும். தன்முனைப்போடு செய்தவழித் திருக்கோயிற் பணியும் பசுபுண்ணியமாய் நின்றுவிடும்.

மூத்தோரை நாடி இளையோர் செல்லுதல் ஈதலுக்கு மட்டும் அன்று. திருமணப் பந்தரில் முதிய வேதியராய் வந்து வழக்கிட்டவரை நம்பியாரூரர் பித்தரென இகழ்ந்தார். பின்னர்த் திருவதிகைச் சித்தவட மடத்தில், துயிலும் அவர் முடிமேல் மீண்டும் மீண்டும் அடி வைத்த முதியவர், திசை தெரியாமை தம் மூப்பின் செயல் என்றார். மூப்பின் தடுமாற்றமென்று கருதப்பட்டதே திருவடி தீக்கையாய் முடிந்தது. சொன்னதையே சொல்லும் முதியோரிடத்துப் பொறுமையிழக்கும் இளைஞர் இதனைச் சிந்தித்தல் நன்று. பழம் பண்ணும், ஊர்க்கோயில் வழக்கும், துன்பம் பொறுத்த வரலாறும் அச்சொற்களினூடே கிடைத்தல் கூடும். அவர் பெறுவது ஒரு மணி நேரத் துணை. இவர் பெறுவது ஓர் ஆயுளின் அறிவு.

ஆகவே, தன்னார்வத்தாற் புறப்படும் இளையோர் மூத்தோரின் குறிப்பை முன்னும், தம் விருப்பைப் பின்னும் வைத்துச் செல்வாராக. ஆர்வம் நிலைத்துத் தன் என்பது தேய்ந்தவிடத்து அப்பணி சிவத்தொண்டாம் என்க.

திருச்சிற்றம்பலம்.