விற்கிறவருக்கும் பொறுப்பு உண்டு

குடிப்பது அவரவர் பொறுப்பு என்கிறார்கள். வடசென்னையின் எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநரிடமும், மணலி ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்கு ஷிப்ட் முடித்து உடம்புவலிக்கு ஒரு குவார்ட்டர் வாங்குபவரிடமும் இதைச் சொல்வது எளிது. குடிப்பவருக்குப் பொறுப்பே இல்லை என்று யாரும் வாதாட முடியாது. கூலிப் பணம் வீடு வந்து சேராத இரவுக்கு அவர் தன் மனைவிக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அவர் மட்டும்தானா?

தமிழ்நாட்டில் மதுக்கடைக்கு முதலாளி அரசே. 2003 முதல் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 2023-24இல் மதுவால் அரசுக்கு வந்த வரி வருமானம் சுமார் 45,855 கோடி ரூபாய். இவ்வளவு வாங்கிக்கொள்பவர், குடிப்பது உன் பாடு என்று ஒதுங்கிக்கொள்வது அறமாகாது.

அப்படியானால் முழு மதுவிலக்கா? அன்றைய சென்னை மாகாண ஆட்சித் தலைவர் ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கியபோது, கையைவிட்டுப் போகும் வருமானத்துக்கு வழி தேடினார். 1939இல் பொது விற்பனை வரி வந்தது. இழப்பு இவ்வளவு, ஈடு இது என்று மக்கள் முன் வைத்த அந்த நேர்மை பிறகு வந்தவர்களிடம் குறைவு. 1971இல் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பிறகு மீண்டும் மூடல், மீண்டும் திறப்பு. மது திரும்பி வந்தது. மது வருமான இழப்புக்கு ஈடாக வந்த விற்பனை வரியோ அப்போதும் நீக்கப்படவில்லை.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்ற அச்சம் பொய்யல்ல. 2016இல் மதுவிலக்கு கொண்டுவந்த பீகாரில், 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயம் பல உயிர்களைக் குடித்தது. ஆனால் கடை திறந்திருந்தால் அந்தச் சாவு வராது என்பதும் உண்மையல்ல. 2023இல் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவர் கிராமத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மக்கள் மடிந்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர். அப்போது டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. டாஸ்மாக் சரக்கைவிட மலிவாகக் கிடைத்த பாக்கெட்டை ஏழைகள் வாங்கினார்கள். மெத்தனால் தொழிற்சாலைகளுக்கான மூலப்பொருள். அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். ஆலையிலிருந்து அது சாராயக்காரர் கைக்குப் போகும் வழியை அடைப்பது, மதுவிலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசின் கடமை. அதில் தவறிவிட்டு, செத்தவரின் குடிப்பழக்கத்தைப் பேசுவது கொடுமை.

ஒரே நாளில் எல்லாக் கடைகளையும் பூட்டச் சொல்வதில் பயனில்லை. கை நடுங்கும் அளவுக்குக் குடிக்குப் பழகிய உடம்புக்குத் திடீர் நிறுத்தமே உயிராபத்து ஆகலாம். 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. அப்படியும் 4,829 மிஞ்சின. அடுத்து எந்தக் கடைகள், எந்த ஆண்டுக்குள் என்று அரசு கெடு சொல்ல வேண்டும். குடியை விட நினைக்கும் எண்ணூர்க்காரர் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் வரை அலையாமல், பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே படுக்கையும் மருந்தும் ஆலோசனையும் பெற வேண்டும். மது வருமானத்தில் ஒரு பங்கைச் சட்டப்படி அதற்கே ஒதுக்கலாம். சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வருமானக் கணக்கைப் படிக்கும்போது, எத்தனை பேர் சிகிச்சை பெற்றுத் திரும்பினார்கள் என்ற கணக்கையும் அமைச்சர் சேர்த்துப் படிக்கட்டும்.