ஐந்து பேர் சுவர்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் ஐந்து தடியர்களின் பெயர், அவர்கள் சொதப்பினால்தான் வெளியே தெரியும். 2020-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ முழங்கால் தசைநார் அறுந்து களத்தைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அணிக்கு ஐந்தாவது வாய்ப்பு. அந்தச் சுவருக்குத் தடுப்பாளர் பெனே சூவலை எடுங்கள் என்று ரசிகர்களில் ஒரு பாதி தொண்டை வற்றக் கத்தியது. நிர்வாகம் எடுத்தது பந்து பிடிக்கும் ஜமார் சேஸை! சூவலை டெட்ராய்ட் அணி கொத்திக்கொண்டது.

சேஸ் பிரமாதமாக ஆடினார், மறுக்க முடியாது. அணி இறுதிப்போட்டியான சூப்பர் பவுல்வரை போனது. அங்கே பர்ரோவை 7 முறை தரையில் சாய்த்தார்கள், 20-23 தோல்வி. சேஸ் சட்டையை ஆசையாய் வாங்கி மாட்டிக்கொண்ட ரசிகன், அன்றிரவு நிர்வாகத்தைத் திட்டியதிலும் நியாயம் இருந்தது.