ராத்திரி பத்து மணிக்கு மேல்



நயாகரா என்றாலே நம் பிரசங்கிகள் 1859-ல் கயிற்றின்மேல் நடந்த பிளான்டினைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தக் கதை கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிற்று. இன்றைக்கு அது வேண்டாம்.

டொரண்டோவிலுள்ள தமிழ் விசுவாசிகள் என்னைக் கூட்டிப்போனார்கள். சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரையும்போல நானும் சிவப்பு பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு படகில் ஏறினேன். குதிரை லாட அருவி ஏறக்குறைய 57 மீட்டர் உயரம். கிட்டே போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. 42-ஆம் சங்கீதத்தில் மதகுகளைப்பற்றி வாசிக்கிறோமே, அது நினைவுக்கு வந்து "அல்லேலூயா" என்று சத்தமிட்டேன். யாருக்கும் கேட்கவில்லை!

கரையேறினதும் கூட வந்த சகோதரன் சொன்னார்: "பாஸ்டர், ராத்திரி பத்து மணிக்கு மேல தண்ணியைப் பாதியா குறைச்சிடுவாங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அருவிக்கு மேலே ஆற்றில் நிஜமாகவே 18 மதகுகள் உண்டு. 1950-ல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்தன. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணி மட்டும், விநாடிக்கு 1 லட்சம் கன அடியாவது அருவியில் விழவேண்டும். அதன்பின் அக்டோபர் முடிய இரவு 8 மணி மட்டும். மற்ற நேரமெல்லாம், குளிர்காலம் முழுவதும்கூட, 50 ஆயிரம் போதும். ஜனம் நின்று பார்க்கும்போது ஓர் அளவு, ஜனம் போனபின் பாதி.

அப்படியானால் பகலில் நான் பார்த்தது பொய்யா? யோசித்துப் பாருங்கள். விழுந்தது நிஜத் தண்ணீர்தான், நான் நனைந்ததும் நிஜம். ஞாயிறு ஆராதனையில் அந்நிய பாஷை பேசிக் கண்ணீர் விடுகிற சகோதரனையும் நடிக்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அபிஷேகம் உண்மை. ஆனால் மதகைத் திறப்பது யார்? பார்க்கிறவர்களா?

மத்தேயு 6-ஐ வைத்து, கதவைப் பூட்டி ஜெபிப்பதுதான் சரி, மற்றதெல்லாம் மாயம் என்று சிலர் தீர்த்துவிடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. தானியேல் பலகணியைத் திறந்துவைத்துத்தானே ஜெபித்தான்? எதிரிகள் பார்த்தார்கள். அதற்காக அவன் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முன்னே மூன்று வேளை, கட்டளை பிறந்த பிறகும் மூன்று வேளை.

நயாகராவுக்காக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அருவியில் விழாத தண்ணீரை அவர்கள் வீணாக்குவதில்லை. பூமிக்கடியில் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய் இரண்டு கரையிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். சத்தமில்லை, வேடிக்கை பார்க்க ஒருவருமில்லை, ஆனால் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிகிறது. ஆகையால் வீட்டில் சத்தம் குறைந்ததைப்பற்றி எனக்குக் கவலையில்லை. மீதித் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஒரு சகோதரி என் மனைவியிடம் சொன்னாள்: "கன்வென்ஷன்ல எங்க வீட்டுக்காரர் ஜெபிச்சா பந்தலே அசையுதுக்கா. வீட்டுக்கு வந்தா, சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கிடையாது."

இந்த மாதம் வீட்டு ஜெபத்திற்கு வரும்போது குடும்பத் தலைவர்களை நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுக் கேட்பேன்: "தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல அப்பா எப்படி?"